புள்ளி ஆந்தை

புள்ளி ஆந்தை என்பது தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவின் சில பகுதிகளிலும் வாழும் ஒரு சிறிய ஆந்தை இனமாகும். இதன் அறிவியற் பெயர் அதீனே பிரமா. ஏறத்தாழ 21 செ.மீ நீளமுள்ள இப்பறவை, மைனாவின் அளவினதாய், ஆனால் அதைவிடப் பருத்த உடலும் பெரிய உருண்டைத் தலையும் கொண்டதாய்க் காணப்படும். இந்தியச் சமவெளிகளில் மிகப் பரவலாக வாழும் ஆந்தைகளுள் இதுவும் ஒன்று. அடர்ந்த காடுகளைத் தவிர்த்து, மரங்கள் செறிந்த ஊர்ப்புறங்கள், தோப்புகள், வயல்வெளிகள், நகரத் தெருக்கள் ஆகியவற்றில் இது வாழ்கின்றது. சென்னை போன்ற பெருநகரங்களிலும் முதிர்ந்த மரங்கள் எஞ்சியுள்ள இடங்களில் இதனைக் காணலாம்.

இப்பறவையின் வாழ்வு இரண்டு தேவைகளைச் சார்ந்தது. ஒன்று உணவாகும் பூச்சிகளும் சிற்றெலிகளும். மற்றொன்று பகலில் தங்கவும் முட்டையிடவும் ஏற்ற பொந்து. நகரங்களில் முதலாவது பெரும்பாலும் குறைவின்றிக் கிடைக்கின்றது. இரண்டாவது, முதிர்ந்த மரங்கள் அகற்றப்படுவதால் அருகி வருகின்றது.

பெயர்

உடலின் மேற்புறம் முழுவதும் வெண்புள்ளிகள் சிதறிக் காணப்படுவதால் தமிழில் இது புள்ளி ஆந்தை என அழைக்கப்படுகின்றது. பேச்சு வழக்கில் ஆந்தை என்ற பொதுப்பெயராலேயே குறிக்கப்படுவதும் உண்டு. தமிழில் ஆந்தைகளுக்குக் கூகை, கோட்டான், குடிஞை முதலிய பெயர்களும் வழங்குகின்றன. இக்காலப் பறவை நூல்களில் கூகை என்பது வெண்மையான இதயவடிவ முகம் கொண்ட மற்றோர் ஆந்தையைக் குறிக்கும். இரவில் குரலெழுப்பும் ஆந்தைகளைச் சாக்குருவி என்று அழைக்கும் வழக்கமும் தமிழகத்தில் உண்டு. இப்பெயரின் பின்னுள்ள நம்பிக்கை குறித்துக் கீழே காண்க.

அறிவியற் பெயரின் முதற்பகுதியான அதீனே, கிரேக்கர்களின் அறிவுத் தெய்வமான அதீனாவின் பெயரிலிருந்து வந்தது. அத்தெய்வத்துக்குரிய பறவையாகக் கருதப்பட்ட சிறிய ஆந்தை இதே பேரினத்தைச் சேர்ந்ததாகும். அதன் உருவம் பண்டைய ஏதென்சு நகர வெள்ளி நாணயங்களில் பொறிக்கப்பட்டிருந்தது. 2002 ஆம் ஆண்டு முதல் வழங்கும் கிரேக்க நாட்டு ஒரு யூரோ நாணயத்திலும் அந்த உருவம் இடம்பெற்றுள்ளது. பெயரின் இரண்டாம் பகுதியான பிரமா, இந்து சமயத்தின் படைப்புக் கடவுளான பிரம்மாவைக் குறிக்கும்.

வகைப்பாடு

ஆந்தைகள் அனைத்தும் ஒரே வரிசையில் அடங்கும். அவ்வரிசை இரண்டு குடும்பங்களைக் கொண்டது. கூகையும் அதன் உறவினங்களும் ஒரு குடும்பமாகவும், ஏனைய ஆந்தைகள் மற்றொரு குடும்பமாகவும் பிரிக்கப்பட்டுள்ளன. புள்ளி ஆந்தை இவற்றுள் இரண்டாவது குடும்பத்தைச் சேர்ந்தது.

இவ்வினத்தை 1821 ஆம் ஆண்டில் முதன்முதலாக அறிவியல் முறைப்படி விவரித்தவர் டச்சு விலங்கியலாளர் கொன்ராட் யாக்கோப் தெம்மிங்க் ஆவார். அவரது விளக்கத்துக்கு அடிப்படையான பறவை புதுச்சேரிப் பகுதியைச் சேர்ந்தது. எனவே தென்னிந்தியாவில் வாழும் வடிவமே இவ்வினத்தின் முதல் துணையினமாகக் கொள்ளப்படுகின்றது. வட இந்தியாவிலும் நடு இந்தியாவிலும் வாழும் துணையினம் இதைவிட வெளிறிய நிறமுடையது. மியன்மர், தாய்லாந்து முதலிய நாடுகளில் வாழ்பவை வேறு துணையினங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன.

நடு இந்தியாவில் மட்டும் வாழும் காட்டு ஆந்தை ஒன்று இதற்கு நெருங்கிய தோற்றமுடையது. 1884 ஆம் ஆண்டுக்குப் பின்னர் அப்பறவை அறிஞர்களின் கண்ணில் படவில்லை. அழிந்துவிட்டது என்றே பலரும் கருதினர். 1997 ஆம் ஆண்டு நவம்பரில், பமீலா ராசுமுசன், பென் கிங், டேவிட் அபாட் ஆகியோர் மகாராட்டிர மாநிலத்தின் சகாதா அருகே அதனை மீண்டும் கண்டுபிடித்தனர். புள்ளி ஆந்தையின் உச்சந்தலையில் வெண்புள்ளிகள் தெளிவாக இருக்கும். காட்டு ஆந்தையின் உச்சந்தலையில் அவை மிக மங்கலாகவோ இல்லாமலோ இருக்கும். காட்டு ஆந்தை இன்று அழியும் நிலையிலுள்ள இனமாகவும், புள்ளி ஆந்தை கவலைக்குரியதல்லாத இனமாகவும் உள்ளன. முன்னது காட்டை மட்டும் சார்ந்து வாழ்வதும், பின்னது மனிதக் குடியிருப்புகளை ஏற்றுக்கொண்டதும் இவ்வேறுபாட்டுக்கு முக்கியக் காரணமாகும்.

உடலமைப்பு

புள்ளி ஆந்தையின் மேற்புறம் சாம்பல் கலந்த பழுப்பு நிறமுடையது. அதன் மீது வெண்புள்ளிகள் பரவியிருக்கும். கீழ்ப்புறம் வெண்மையானது, அதில் பழுப்பு நிறக் கோடுகளும் பட்டைகளும் காணப்படும். முகம் வெளிறியது. கண்களுக்கு மேலே வெண்ணிறப் புருவக் கோடும், கழுத்தைச் சுற்றி வெண்ணிற வளையமும் உண்டு. விழிகள் பளிச்சிடும் மஞ்சள் நிறமானவை. சில ஆந்தைகளின் தலையில் கொம்பு போலத் தோன்றும் இறகுக் குடுமிகள் இதற்கு இல்லை. ஆணும் பெண்ணும் ஒரே தோற்றமுடையவை. எடை பொதுவாக 110 முதல் 120 கிராம் வரை இருக்கும்.

வால் குட்டையானது, சிறகுகள் உருண்டையானவை. பறக்கும்போது சில முறை வேகமாகச் சிறகடித்துப் பின்னர் சிறகை மடக்கிச் சற்றுத் தாழ்ந்து, மீண்டும் சிறகடித்து எழும். இவ்வாறு அலை போல ஏறி இறங்கிப் பறப்பதைக் கொண்டு அந்தி ஒளியிலும் இதனை அடையாளம் காணலாம்.

கண்ணும் செவியும்

ஏனைய பெரும்பாலான பறவைகளுக்குக் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருக்க, ஆந்தைகளுக்கு அவை மனிதருக்குப் போல முன்னோக்கி அமைந்துள்ளன. இதனால் இரு கண்களும் ஒரே பொருளைச் சேர்ந்து நோக்கி, இரையின் தொலைவைத் துல்லியமாக மதிப்பிட முடிகின்றது. ஆந்தையின் கண் உருண்டையாக இல்லாமல் நீண்ட குழல் போன்றது. தலையின் அளவோடு ஒப்பிடுகையில் மிகப் பெரியது. குறைந்த ஒளியிலும் தெளிவாகக் காண இவ்வமைப்பு உதவுகின்றது. ஆனால் இத்தகைய கண்ணைக் குழியினுள் சுழற்ற இயலாது. அக்குறையைக் கழுத்து ஈடுசெய்கின்றது. மனிதனுக்கு ஏழு கழுத்தெலும்புகள் இருக்க, ஆந்தைக்குப் பதினான்கு உள்ளன. இதனால் ஆந்தை தன் தலையை ஒரு பக்கமாக 270 பாகை வரை திருப்ப முடியும்.

புள்ளி ஆந்தையை நெருங்கி நோக்கினால் அது தலையை மேலும் கீழும் ஆட்டியும் பக்கவாட்டில் சாய்த்தும் பார்ப்பதைக் காணலாம். இச்செயல் வேடிக்கையாகத் தோன்றினும், வெவ்வேறு கோணங்களிலிருந்து ஒரே பொருளைப் பார்த்து அதன் தொலைவை அறியும் முறையே இது.

ஆந்தைக்குப் பகலில் கண் தெரியாது என்ற கருத்து பரவலாக உள்ளது; இது தவறானது. ஒளி மிகும்போது கண்ணின் பாவை சுருங்கி உள்ளே செல்லும் ஒளியைக் குறைக்கும். புள்ளி ஆந்தை பகலிலும் நன்கு காணும். குளிர்காலக் காலை வேளைகளில் பொந்தின் வாயிலில் அமர்ந்து வெயில் காய்வதும் உண்டு.

கூகையின் இரு காதுத் துளைகளும் ஒன்று உயர்ந்தும் மற்றொன்று தாழ்ந்தும் அமைந்திருப்பதால், அது முழு இருளிலும் ஓசையைக் கொண்டே எலியைப் பிடிக்க வல்லது. ஒலியைத் திரட்டித் தரும் முகவட்டும் அதற்கு நன்கு வளர்ந்துள்ளது. புள்ளி ஆந்தையின் முகவட்டு அந்த அளவுக்கு வளர்ச்சியடைந்ததன்று. வேட்டைக்கு அது பார்வையையே பெரிதும் நம்புகின்றது. அந்திப் பொழுதிலும் விடியலிலும் விளக்கொளி உள்ள இடங்களிலும் அது மிகுதியாக வேட்டையாடுவதன் காரணம் இதுவாகும்.

பரவலும் வாழிடமும்

ஈரானின் தென்பகுதி தொடங்கி, பாக்கித்தான், இந்தியா, நேபாளம், வங்காளதேசம், மியன்மர், தாய்லாந்து வழியாக வியட்நாம் வரை இவ்வினம் பரவியுள்ளது. இது வலசை போவதில்லை. பிறந்த வட்டாரத்திலேயே ஆண்டு முழுவதும் தங்கி வாழும்.

இலங்கையில் புள்ளி ஆந்தை இல்லை. பாக்கு நீரிணையின் இக்கரையில், நாகப்பட்டினம் மாவட்டத்தின் கோடியக்கரையில் இது வாழ்கின்றது. அங்கிருந்து இலங்கைக் கரை நெடுந்தொலைவில் இல்லை. எனினும் அக்கடலைக் கடந்து அங்கே இது குடியேறவில்லை. தன் வட்டாரத்தை விட்டு நெடுந்தொலைவு நகராத பறவைக்குக் குறுகிய கடலும் ஒரு தடையாகும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

தமிழ்நாட்டில் பனங்காடுகள், மாந்தோப்புகள், ஏரிக்கரை மரங்கள், கோயில் நந்தவனங்கள், சாலையோரப் புளிய மரங்கள் ஆகியன இதன் வழக்கமான வாழிடங்களாகும். பழைய கட்டடங்களின் சுவர்ப் பொந்துகள், கோபுரங்களின் இடுக்குகள், கூரையின் கீழுள்ள இடைவெளிகள் ஆகியவற்றிலும் தங்கும். பெரும்பாலும் இணையாகவோ, குஞ்சுகளுடன் சிறு குடும்பமாகவோ வாழும்.

உணவு

புள்ளி ஆந்தையின் உணவில் பூச்சிகளே முதலிடம் பெறுகின்றன. வண்டு, அந்துப்பூச்சி, வெட்டுக்கிளி, கரப்பான், மழைக்கால ஈசல் ஆகியவற்றை இது விரும்பி உண்ணும். மண்புழு, பல்லி, ஓணான், தேரை, சுண்டெலி, மூஞ்சூறு, சிறு பறவைகள், சில வேளைகளில் வௌவால் ஆகியனவும் இதற்கு இரையாகும். நீர் பாய்ச்சப்படும் நிலங்களில் மண்புழுவும் வறண்ட நிலங்களில் பூச்சிகளும் மிகுதியாக உண்ணப்படும். பெருச்சாளி போன்ற பெரிய கொறிணிகளை இச்சிறிய ஆந்தையால் கொல்ல இயலாது.

வேட்டையாடும் முறை எளிமையானது. தாழ்ந்த கிளை, மின்கம்பி, கம்பம், மதில் ஆகியவற்றில் அமர்ந்து தரையை நோக்கிக் காத்திருக்கும். இரை அசைந்ததும் பாய்ந்து கால் உகிர்களால் பற்றும். பறக்கும் பூச்சியை வானிலேயே பிடிப்பதும் உண்டு. தெருவிளக்கின் ஒளி பூச்சிகளை ஈர்ப்பதால், விளக்குக் கம்பத்தின் அருகே அமர்ந்து வேட்டையாடுவதை இப்பறவை வழக்கமாக்கிக் கொண்டுள்ளது.

ஆந்தைகளுக்குக் கழுத்தில் உணவைச் சேர்த்து வைக்கும் பை இல்லை. சிறிய இரையை முழுதாக விழுங்கும். செரிக்காத எலும்பு, மயிர், வண்டின் ஓடு ஆகியன இரைப்பையில் உருண்டையாகத் திரண்டு வாய் வழியே வெளியேற்றப்படும். ஆந்தை தங்கும் மரத்தின் அடியில் கிடக்கும் இவ்வுருண்டைகளை நீரில் ஊறவைத்துப் பிரித்தால், அப்பறவை எவற்றை உண்டது என்பதை அறியலாம். ஆந்தைகளின் உணவு பற்றிய ஆய்வுகள் பெரிதும் இம்முறையிலேயே செய்யப்படுகின்றன. பறவையைப் பிடிக்கவோ தொந்தரவு செய்யவோ தேவையில்லாததால், பள்ளி மாணவர்களும் ஆசிரியரின் துணையுடன், கையுறை அணிந்து இதனைச் செய்து பார்க்கலாம்.

குரல்

பெரிய ஆந்தைகளின் ஆழ்ந்த முழக்கத்தைப் போலன்றி, புள்ளி ஆந்தையின் குரல் கரகரப்பானது, விரைவானது. 'கிர்ர் கிர்ர்' எனத் தொடங்கி, உச்சத்தை அடைந்து, 'சிர்வக் சிர்வக்' என்ற ஒலியுடன் முடியும். சண்டையிடுவது போன்ற இவ்வொலியை ஒரு பறவை தொடங்க, அதன் இணையும் சேர்ந்துகொள்ளும். கதிரவன் மறைந்த சிறிது நேரத்திலும் விடியலுக்கு முன்னரும் இது மிகுதியாகக் கேட்கும். இவ்வொலிகள் தன் எல்லையை அறிவிக்கவும் இணையுடன் தொடர்பு கொள்ளவும் பயன்படுகின்றன.

இனப்பெருக்கம்

இனப்பெருக்கக் காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஆகும். இக்காலத்தில் ஆணும் பெண்ணும் அருகருகே அமர்ந்து ஒன்றன் இறகை மற்றொன்று கோதிவிடும். அலகை அலகால் பற்றும். ஆண் பெண்ணுக்கு இரை கொணர்ந்து ஊட்டும்.

இவ்வாந்தை கூடு கட்டுவதில்லை. பொந்தைத் தானே குடைவதும் இல்லை. மரத்தில் இயற்கையாக உண்டான பொந்தையோ, மரங்கொத்தி குடைந்து விட்டுச்சென்ற துளையையோ, சுவரின் இடுக்கையோ பயன்படுத்திக் கொள்ளும். மைனா, பச்சைக்கிளி, பனங்காடை, அணில் ஆகியனவும் இத்தகைய பொந்துகளை நாடுவதால் கடும் போட்டி ஏற்படும்.

ஒரு முறைக்கு மூன்று அல்லது நான்கு முட்டைகள் இடும். முட்டைகள் வெண்ணிறமானவை, ஏறத்தாழ உருண்டை வடிவானவை. முதல் முட்டையை இட்டவுடனேயே அடைகாக்கத் தொடங்கிவிடுவதால் குஞ்சுகள் ஒரே நாளில் பொரிவதில்லை. முதலில் பொரித்த குஞ்சு பெரிதாகவும் கடைசிக் குஞ்சு மிகச் சிறிதாகவும் இருக்கும். இரை போதிய அளவு கிடைத்தால் அனைத்தும் பிழைக்கலாம். குறைந்தால் வலிய குஞ்சு முந்திக்கொள்ள, இளையது மடியும். பொதுவாக ஒன்று அல்லது இரண்டு குஞ்சுகளே பறக்கும் நிலையை அடைகின்றன. தொடக்கத்தில் கரப்பான் போன்ற பூச்சிகளும், பின்னர் எலிகளும் குஞ்சுகளுக்கு ஊட்டப்படுகின்றன. உணவில் எலிகளின் பங்கு மிகும்போது பிழைக்கும் குஞ்சுகளின் எண்ணிக்கையும் கூடுவது ஆய்வுகளில் அறியப்பட்டுள்ளது.

பறக்க நன்கு பழகாத குஞ்சுகள் பொந்தை விட்டு வெளிவந்து கிளைகளில் அமர்வதும், தவறித் தரையில் விழுவதும் இயல்பு. இவற்றைக் கைவிடப்பட்டவை எனக் கருதி வீட்டுக்கு எடுத்துச் செல்வது தவறாகும். தாய்ப்பறவை அருகிலேயே இருந்து, இருட்டியதும் வந்து உணவூட்டும். காயமில்லாத குஞ்சை நாய், பூனை எட்டாத கிளையில் வைத்துவிட்டு விலகுவதே சிறந்தது. காயமுற்றிருப்பின் வனத்துறைக்கோ விலங்கு நலச் சங்கங்களுக்கோ தெரிவிக்க வேண்டும்.

பகல்நேரப் பகை

பகலில் ஆந்தை வெளியே அமர்ந்திருப்பதைக் கண்டால் சிறு பறவைகள் கூட்டமாகச் சேர்ந்து கூச்சலிட்டு அதனைத் துரத்தும். கரிச்சான், தவிட்டுக்குருவி, வால்காக்கை, காகம் ஆகியன இதில் முன்னிற்கும். அணில்களும் விடாது குரலெழுப்பும். ஆந்தை இருக்குமிடத்தை அனைவருக்கும் காட்டிக்கொடுத்து, அது மறைந்திருந்து தாக்கும் வாய்ப்பை இல்லாமற் செய்வதே இதன் பயன். ஆந்தை பெரும்பாலும் எதிர்க்காமல் பொந்துக்குள் சென்றுவிடும். பகலில் மறைவிடம் இல்லாத ஆந்தைக்கு ஓய்வு கிடையாது. பொந்து அதற்குப் பேறுகாலத்தில் மட்டுமன்றி ஆண்டு முழுவதும் இன்றியமையாதது என்பதை இதனால் அறியலாம்.

காக்கைக்கும் கூகைக்கும் உள்ள இப்பகையைத் தமிழ் இலக்கியமும் பதிவு செய்துள்ளது. திருக்குறளின் காலமறிதல் அதிகாரத்தில் முதற்குறளாக அமைந்த 481 ஆம் குறள், தன்னைவிட வலிய கூகையைக் காக்கை பகற்பொழுதில் வென்றுவிடுவதைக் காட்டி, பகையை வெல்ல விரும்பும் வேந்தனுக்கு ஏற்ற காலம் வேண்டும் என்று அறிவுறுத்துகின்றது. பஞ்சதந்திரத்தின் ஒரு பகுதி முழுவதும் காகங்களுக்கும் ஆந்தைகளுக்கும் இடையிலான போரைப் பற்றியதாகும்.

சென்னையில்

சென்னையின் தென்பகுதியில் மரச்செறிவு மிக்க சில பெரிய நிலப்பரப்புகள் உள்ளன. 1978 ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கிண்டிக் காடு சுமார் 270 எக்டேர் பரப்புடையது. அதனை ஒட்டி, 1959 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகம் உள்ளது. இதுவும் முன்னர் அக்காட்டின் பகுதியாக இருந்தது. அடையாற்றின் முகத்துவாரத்துக்கு அருகே பிரம்மஞான சபையின் தோட்டம் அமைந்துள்ளது. இவை பொந்தில் வாழும் பறவைகளுக்குப் புகலிடங்களாக விளங்குகின்றன.

ஆயினும் புள்ளி ஆந்தை இவ்வேலிகளுக்குள் மட்டும் அடங்கும் பறவையன்று. கிண்டிக் காட்டுக்குத் தென்மேற்கே உள்ள ஆதம்பாக்கம் போன்ற குடியிருப்புப் பகுதிகள் இதற்கு வேறு வகையான வாழிடமாகும். ஒரு காலத்தில் ஏரியும் வயலும் தோப்புமாக இருந்த ஆதம்பாக்கம், பின்னர் ஆலந்தூர் நகராட்சியின் பகுதியாக வளர்ந்து, 2011 ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. இத்தகைய புறநகர்களில் தனி வீடுகள் கட்டப்பட்ட காலத்தில், கொல்லைப்புறத்தில் வேம்பு, மா, தென்னை ஆகியன வளர்க்கப்பட்டன. தெருவோரங்களில் தூங்குமூஞ்சியும் புங்கமும் பூவரசும் நின்றன. வீட்டைச் சுற்றிய மண்தரை, கிணற்றடி ஈரம், காலி மனைகள், தெருவிளக்கு ஆகிய அனைத்தும் பூச்சியுண்ணும் ஆந்தைக்கு ஏற்றவையாக அமைந்தன.

தனி வீடுகள் அடுக்ககங்களாக மாறும்போது இவ்வமைப்பு குலைகின்றது. மனையின் எல்லை வரை கட்டடமும் வண்டி நிறுத்துமிடமும் எழுவதால் கொல்லை மரம் முதலில் வெட்டப்படுகின்றது. சிமெந்து பூசிய தரையில் வண்டும் மண்புழுவும் வாழ இயலாது. புதிய கட்டடங்களின் சுவர்களில் இடுக்குகளும் இருப்பதில்லை.

2016 ஆம் ஆண்டு டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கிய வர்தா புயல் நகரெங்கும் பல்லாயிரக்கணக்கான மரங்களை வீழ்த்தியது. கிண்டிக் காட்டிலும் பெரும் சேதம் ஏற்பட்டது. புயலுக்குப் பின்னர் நகரின் பல இடங்களில் புதிய கன்றுகள் நடப்பட்டன. அவை நிழலை விரைவில் தரக்கூடும். ஆனால் பொந்தைத் தரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

பொந்து உருவாகும் விதம்

ஒரு மரத்தின் தடித்த கிளை முறிந்தோ வெட்டப்பட்டோ போகும்போது அவ்விடத்தில் காயம் உண்டாகின்றது. இளமரம் அதனை விரைவில் மூடிவிடும். முதிர்ந்த மரத்தின் பெரிய காயம் எளிதில் மூடுவதில்லை. அதன் வழியே மழைநீரும் பூஞ்சைகளும் உட்புகுந்து, உயிரற்ற நடுவைரத்தை மெல்ல மெல்லச் சிதைக்கின்றன. கறையானும் வண்டின் புழுக்களும் அதனை மேலும் அரிக்கும். நீரைக் கடத்தும் வெளிப்பகுதி உயிருடன் இருப்பதால் மரம் பட்டுப்போவதில்லை. மரங்கொத்திகள் இத்தகைய மெலிந்த இடங்களையே தேர்ந்து குடைகின்றன. தலை முறிந்த பனைமரத்தின் உச்சியும் நாளடைவில் உளுத்துப் பொந்தாகும்.

இவ்வாறு உண்டான பொந்து பல்லாண்டுகள் நிலைத்திருந்து, வெவ்வேறு பருவங்களில் கிளிக்கும் மைனாவுக்கும் ஆந்தைக்கும் பயன்படும். பொந்துள்ள மரம் எப்போதும் விழும் நிலையிலுள்ள மரமன்று. எனினும் பட்ட கிளையும் பொந்தும் ஆபத்தின் அறிகுறிகளாகக் கருதப்பட்டு நகரங்களில் அவையே முதலில் அகற்றப்படுகின்றன. முழு மரத்தையும் வெட்டாமல், ஆபத்தான கிளையை மட்டும் குறைத்து அடிமரத்தை விட்டுவைத்தாலே ஒரு பொந்து காக்கப்படும். ஐரோப்பாவில் இதே பேரினத்தைச் சேர்ந்த சிறிய ஆந்தைக்கு மரப்பெட்டிகள் அமைத்துத் தரப்படுகின்றன. பழைய மரங்கள் இல்லாத இடங்களில் அத்தகைய பெட்டிகள் ஓரளவு ஈடாகும்.

நம்பிக்கைகள்

தமிழகத்தின் பல பகுதிகளில் ஆந்தையின் அலறல் தீய சகுனமாகக் கருதப்படுகின்றது. வீட்டின் அருகே ஆந்தை கத்தினால் இறப்பு நேரும் என்ற நம்பிக்கையிலிருந்தே சாக்குருவி என்ற பெயர் தோன்றியது. நோயுற்றவர் இருக்கும் வீட்டில் இரவு முழுவதும் விளக்கு எரியும். அவ்வொளிக்குப் பூச்சிகளும், பூச்சிகளைத் தேடி ஆந்தையும் வருவது இயல்பே என இதற்கு விளக்கம் கூறப்படுவதுண்டு. வங்காளம் முதலிய பகுதிகளில் இதற்கு மாறாக, ஆந்தை திருமகளின் ஊர்தியாகப் போற்றப்படுகின்றது.

சங்க இலக்கியத்தில் கூகையின் குரல் அச்சம் தரும் ஒலியாகவே பெரும்பாலும் வருகின்றது. புறநானூற்றுப் புலவர் ஒருவர் கூகைக்கோழியார் என்ற பெயரால் அறியப்படுகின்றார். பெருந்தேவனார் பாடிய நற்றிணை 83 ஆம் பாடல் இவற்றுள் தனித்தன்மை வாய்ந்தது. ஊரின் நுழைவாயிலில், நீருண்ணும் துறையருகே, தெய்வம் உறையும் முதிய மரத்தில் வாழும் கூகையை அப்பாடலில் தோழி விளித்துப் பேசுகின்றாள். தலைவன் இரவில் வரும்போது அலறி ஊரை எழுப்பாதிருந்தால், நெய்ச்சோற்றுடன் சுட்ட எலியும் தருவதாக அவள் கூறுகின்றாள். ஊர்ப் பொதுவிடத்தில் முதுமரம் வெட்டப்படாது நின்றதையும், அதில் கூகை நெடுங்காலம் பழகி வாழ்ந்ததையும், அதன் உணவு எலி என்பதையும் மக்கள் அறிந்திருந்தனர் என்பது இப்பாடலால் புலனாகின்றது.

அச்சுறுத்தல்களும் பாதுகாப்பும்

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் புள்ளி ஆந்தையைக் கவலைக்குரியதல்லாத இனமாக வகைப்படுத்தியுள்ளது. இவ்வகைப்பாடு முழுப் பரவலையும் கருதியதேயன்றி, ஒவ்வொரு ஊரிலும் இது நிலையாக உள்ளது எனப் பொருள்படாது. வலசை போகாத பறவையாதலால், ஒரு தெருவின் மரங்கள் அகற்றப்பட்டால் அங்குள்ள இணை இனப்பெருக்கம் செய்ய இயலாமற் போகும்.

எலிகளைக் கொல்ல வைக்கப்படும் நஞ்சு மற்றோர் ஆபத்தாகும். குருதி உறைதலைத் தடுக்கும் வகையைச் சேர்ந்த நஞ்சுகளை உண்ட எலி உடனே இறப்பதில்லை; சில நாட்கள் தளர்ந்து நடமாடும். அவ்வெலி ஆந்தைக்கு எளிய இரையாவதால் நஞ்சு ஆந்தையின் உடலிலும் சேர்கின்றது. எலிகளைக் குறைக்கும் பறவையே எலிநஞ்சால் மடிய நேர்கின்றது.

மாந்திரீகத்துக்காக ஆந்தைகள் பிடிக்கப்படுவதும் விற்கப்படுவதும் இந்தியாவில் தொடர்கின்றன. காட்டுயிர் வணிகத்தைக் கண்காணிக்கும் திராபிக் அமைப்பின் இந்தியப் பிரிவு 2010 ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் பதிவான 30 ஆந்தை இனங்களுள் 15 இனங்கள் வணிகத்தில் காணப்பட்டதாகத் தெரிவித்தது. தீபாவளியை ஒட்டிய நாட்களில் வட இந்தியாவில் இது மிகுவதாகவும் அறியப்படுகின்றது. இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 இன் கீழ் ஆந்தைகளை வேட்டையாடுவதும் பிடித்து வைத்திருப்பதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றங்களாகும்.

சென்னையில் 1978 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சென்னை இயற்கையாளர் சங்கம் போன்ற அமைப்புகளின் ஆர்வலர்கள் நகரப் பறவைகளைக் கண்டு பதிவு செய்து வருகின்றனர். புள்ளி ஆந்தையைக் காண நகரை விட்டு வெளியே செல்லத் தேவையில்லை. பொந்துள்ள மரம் ஒன்றை அறிந்து, அந்தி வேளையில் சற்றுத் தொலைவில் அமைதியாக நின்றால் போதும். ஆண்டுதோறும் அதே பொந்தில் ஆந்தை உள்ளதா என்று குறித்து வைப்பது, அத்தெருவின் மரங்கள் எந்நிலையில் உள்ளன என்பதற்கும் ஒரு பதிவாகும்.